சகலையின் புதுக் கேமரா

சகலை ஆறு வாரம் புகைப்பட வகுப்புக்குப் போனவர். ஸ்டுடியோக்காரரோ இருபது வருடமாகப் பாஸ்போர்ட் படம் எடுத்தே பிழைப்பவர். நியாயமாகப் பார்த்தால், இரண்டு குடும்பமும் சேர்ந்து போன அருங்காட்சியகத்தில் யார் பாடம் நடத்தியிருக்க வேண்டும்? ஆனால் சகலையின் கழுத்தில் புத்தம் புதுக் கேமரா தொங்கியது. நம்மவர் ஸ்டுடியோக்காரர் கையில் குடும்பத்தின் தண்ணீர் பாட்டில்கள்தான் இருந்தன.

"அக்கா, பொருளை நட்டநடுவுல வைக்காதீங்க. ஓரமா வைங்க. அப்பத்தான் படத்துக்கு உசுரு வரும்" என்று சகலை கேமராவைக் கழற்றி ஸ்டுடியோக்காரரின் மனைவியிடம் கொடுத்தார்.

"அப்படியா!" என்று அவள் கண்ணை அகல விரித்தாள்.

அந்த 'அப்படியா'தான் ஸ்டுடியோக்காரரைச் சுட்டது. கல்யாணமாகிப் பதினெட்டு வருடம். அவர் சொன்ன எதற்கும் அவள் இப்படி ஓர் 'அப்படியா' போட்டதே கிடையாது. பச்சையாகச் சொன்னால் பொறாமை. ஓரமாம் ஓரம், பாஸ்போர்ட் படத்தில் தலையை ஓரமாக வைத்துப் பாரேன், வாங்க வந்தவன் நம்ம மூஞ்சியிலேயே விட்டெறிவான் என்று உள்ளுக்குள் கறுவினார்.

"ஏன் மாமா உர்ர்னு இருக்கீங்க?" என்று கொழுந்தியாள் கேட்டாள்.

"கால் வலி."

அடுத்த அறையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே பல் உடைந்த தந்தச் சீப்பு. அவள் எத்தனை முறை எடுத்தாலும் மேல்விளக்கு கண்ணாடியில் பட்டு, சீப்பின்மேல் வெள்ளைத் திட்டு விழுந்தது. சகலை ஏதேதோ பொத்தான்களைத் திருகினார். திட்டு அசைந்து கொடுக்கவில்லை.

நம்மவருக்கு வைத்தியம் தெரியும். வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டார். கேட்கட்டும், அவளே வந்து, 'என்னங்க, நீங்க சொல்லுங்க' என்று எல்லார் முன்னாலும் கேட்கட்டும். அந்த ஒரு கேள்விக்காகப் பக்கத்திலேயே போய் நின்றார். இரண்டு தடவை தொண்டையைச் செருமியும் பார்த்தார்.

அவள் திரும்பவில்லை. இடப்பக்கம் இரண்டு எட்டு நகர்ந்தாள். கேமராவைச் சற்றே சாய்த்து அழுத்தினாள். படத்தில் சீப்பு துடைத்து வைத்ததுபோல் விழுந்தது.

சகலை வாயைப் பிளந்தார். "அக்கா! எங்க வகுப்புலயே இதைச் சொல்லலையே. யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?"

"இவருகிட்டதான். மூக்குக்கண்ணாடி போட்டவங்க வந்தா லைட்டு அடிக்கும்ல? தாடையைக் கொஞ்சம் இறக்குங்கம்பாரு. நான் ஸ்டுடியோல படம் வெட்டிக்கிட்டே பாப்பேன். இங்க சீப்பு அசையாது, அதான் நான் அசைஞ்சேன்."

ஸ்டுடியோக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சகலை பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"பரவால்லயே அண்ணே, நல்லா சொல்லிக் குடுத்திருக்கீங்க."

"இவரா? சொல்லிக் குடுத்துட்டாலும்!" என்று அவள் சிரித்தாள். "கல்யாணமான புதுசுல ஒரு தடவை கேட்டேன். 'கேமராவைத் தொட்டே, கையை ஒடிச்சிருவேன்'னாரு. அப்புறம் நான் கேக்கவே இல்ல."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவரும் பதிலுக்கு எகிறியிருப்பார். அவள் சிரித்துக்கொண்டு சொன்னாள். அப்படிச் சொன்னது அவருக்கு நினைவே இல்லை. அவளுக்கோ வார்த்தை மாறாமல் நினைவிருந்தது.

பாட்டில்களை பெஞ்சில் வைத்தார். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மெதுவாகப் போய்க் கண்ணாடிப் பெட்டியின் பக்கத்தில் நின்றார்.

"என்னையும் ஒண்ணு எடேன்."

அவள் கேமராவைக் கண்ணில் வைத்து, அவசரப்படாமல் பார்த்தாள்.

"உங்க கண்ணாடில லைட்டு அடிக்குது. தாடையைக் கொஞ்சம் இறக்குங்க."

இறக்கினார்.

"இன்னும் கொஞ்சம்" என்றாள்.