மணலில் அவிழ்த்த வண்டி

கூண்டு வண்டி அழகிரியுடையது. மாடு இரண்டும் வீரமலையுடையவை. அதனால் சித்திரைத் தேர் பார்க்க மருங்காபுரியிலிருந்து ஸ்ரீரங்கம் வந்த வழி முழுக்க ஒரு வண்டிக்கு இரண்டு முதலாளிகள். வாயால் ஓட்டியவன் அழகிரி. போன வருஷம் ஒரே ஒருதரம் தேருக்கு வந்து போனவன், என்னவோ ரங்கனே இவனைக் கேட்டுத்தான் வடம் பிடிக்கச் சொன்னதுபோல் அளந்துகொண்டு வந்தான். பெண்டாட்டி வேலம்மாளின் அண்ணன் ஆயிற்றே என்று வீரமலை பல்லைக் கடித்துக்கொண்டான்.

கூண்டுக்குள் வேலம்மாள் மடியில் நாலுமாதப் பிள்ளை. அனலில் துவண்டுபோய், காலையிலிருந்து மாரில் வாய் வைக்கவில்லை.

கொள்ளிடக் கரையில் ஒரு மாந்தோப்பு. நல்ல நிழல், கிணறு, கிளைக்குக் கிளை தூளி. குடும்பம் குடும்பமாக வண்டிகள் அவிழ்த்துக் கிடந்தன. தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்த ஷேக் தாவூது வாசலுக்கே வந்தார்.

“பச்சப்புள்ளையோட வந்திருக்கீங்க, உள்ள அவுத்துக்கங்க. காசெல்லாம் வேணாம். மாடு போடுற சாணத்த மட்டும் தோப்புக்கு விட்டுட்டுப் போங்க.”

அழகிரிக்கு முகம் சுண்டிவிட்டது. வழியில் மாடு போட்டதையெல்லாம் கூடையில் அள்ளி, வண்டிக்கு அடியில் கட்டித் தொங்கவிட்டு வந்த மகராசன் அவன். அதுவும் வீரமலையின் மாடு போட்டது!

“தேர் முடியிற மட்டும் போடுற சாணிய இவருக்குக் குடுத்துட்டு, என் கம்பங்கொல்லைக்கு நான் எங்க போறது? ஆத்துக்குள்ள ஓட்டு மாப்ளே. காத்து பிச்சுக்கிட்டு வரும்.”

காற்று வந்தது, வறுசட்டி மணலையும் அள்ளிக்கொண்டு. அவிழ்த்த கையோடு, வண்டிக்கு அடியில் இருந்த ஒரே நிழலில் துண்டை விரித்துப் படுத்தான் அழகிரி. இதுவும் ஒரு ஆம்பளை என்று வீரமலை காறித் துப்பினான்.

“ஏண்ணே, இந்த வேக்காட்டுல புள்ள பொழைக்குமா?” என்றாள் வேலம்மாள்.

“நீ மட்டும் என்ன, மாளிகையிலயா வளந்தே?”

அவள் பிள்ளையை முந்தானையால் போர்த்திக்கொண்டு இறங்கி, கால் பொசுங்கப் பொசுங்கத் தோப்பைப் பார்த்து நடந்தாள். வீரமலை மாடுகளைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே கிளம்பினான்.

“மாட்ட எங்க ஓட்டுறே மாப்ளே?”

“நெழலுக்கு.”

“வண்டி?”

“உங்க வண்டிதானே மச்சான், நீங்களே இழுத்துக்கிட்டு வாங்க. வழியில நீங்க போடுறதையும் கூடையிலயே அள்ளிக்கங்க. ஒரு பய பங்கு கேக்கமாட்டான்.”

அழகிரி எழுந்து நுகத்தடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். சக்கரம் கால்வாசி மணலுக்குள் இறங்கியது. அவன் கத்தியதற்கு வீரமலை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தோப்பில் ஷேக் தாவூது ஒரு வாளி தண்ணீர் இறைத்துக் கொடுத்தார். “வண்டி எங்கங்க?”

“எங்கண்ணன் காவலுக்குப் படுத்திருக்காரு பாய்,” என்றாள் வேலம்மாள். “அவரு ஒடம்புக்கு மணல்தான் ஒத்துக்குதாம்.”

நனைத்த துணியால் பிள்ளையைத் துடைத்து, மரத்துக்கு மறைவாகத் திரும்பி உட்கார்ந்தாள். வீரமலை மாட்டைக் கட்டாமல் கையில் பிடித்தபடியே நின்றான். பிறகு பிள்ளை மாரைக் கவ்விக் குடிக்கும் சத்தம் கேட்டது.