அறுபதாவது நிமிடம்

"நீ ஒரு ஆட்டம் ஆடிப் பாரு. ஆள் பழையபடி இருக்காருன்னு சொன்னா நாளைக்கு அனுப்பறேன். இல்லேன்னா போன் பண்ணி, இப்போதைக்கு முடியாதுன்னு சொல்லிடறேன்" என்றாள் அண்ணி.

நன்றாகத்தான் என் தலையில் கட்டினாள். நான் பல்செட் செய்து பிழைக்கிறவள். மூளையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

அண்ணனுக்குக் கிடங்கில் வேலை. எந்த லாரியில் எந்தப் பெட்டி முதலில் ஏற வேண்டும் என்று வரிசை போடுவான். ஐந்து மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்தது. வலது கைக்குப் பாதி அசைவு திரும்பிவிட்டது, பேச்சு தடுக்கித் தடுக்கி வருகிறது. யோசனைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டர் சொல்கிறார். ஆனால் ஏதாவது கேட்டால் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். யோசிக்கிறானா, யோசிக்க ஒன்றுமே இல்லையா என்று யாருக்கும் புரியவில்லை. திரும்ப வேலைக்குச் சேர்ப்பது பற்றிப் பேச நாளைக் காலை பத்து மணிக்கு மேலாளர் வரச் சொல்லியிருக்கிறார்.

சாப்பாட்டு மேசையில் இரண்டு லேப்டாப்பையும் முதுகோடு முதுகாக வைத்தோம். எங்கள் கால்பந்து விளையாட்டில் பந்தை உதைக்கிற வேலை கிடையாது. நாம்தான் பயிற்சியாளர். ஆட்களைத் தேர்ந்தெடுத்து, வியூகம் வகுத்து அனுப்பினால் திரையில் அவர்கள் ஓடுவார்கள். அண்ணனிடம் நான் தொடர்ந்து பதினோரு முறை தோற்றவள்.

எல்லாமே அந்த அறுபதாவது நிமிடத்தால்தான். டாணென்று அறுபதுக்கு வலது பின்காவலனை வெளியே எடுத்துவிட்டு ஒரு நெட்டை ஸ்ட்ரைக்கரை இறக்குவான். பிறகு பந்து மேலேயே பறக்கும், நான் காலி. அதற்கென்றே ஒரு வியூகம் செய்தேன். ஐம்பத்தெட்டில் என்னுடைய மூன்று உயரமான டிஃபெண்டர்களும் நடுவில் வந்து நிற்பார்கள். வருகிற பந்தைத் தலையால் தட்டி, அவன் காவலனை எடுத்த பக்கமாக என் ஓட்டக்காரனுக்கு அனுப்புவார்கள். இதில் பாதியை ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் செய்தேன். அவன் உள்ளே படுத்திருந்தான், நான் வெளியே அவனைத் தோற்கடிக்க வழி தேடிக்கொண்டிருந்தேன். வேறு எப்படிப் பயத்தை அடக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

இருபத்து மூன்றாவது நிமிடத்தில் கோல் அடித்தேன். அண்ணன் இடது கையை மவுஸ் மேல் வைத்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஐம்பத்தெட்டு. என் மூன்று பேரும் நடுவுக்கு வந்தார்கள்.

அறுபது. அண்ணன் கை அசையவில்லை.

அறுபத்து மூன்று. மறந்துவிட்டானா? பதினோரு ஆட்டத்தில் ஒருமுறைகூட தவறாததை மறந்துவிட்டானா? அண்ணி துணி மடிப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் அவள் பக்கமே திரும்பவில்லை.

அறுபத்தெட்டு. நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன். பாழாய்ப் போன வெற்றி. என் கோல்கீப்பரை வெளியே எடுத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. நாளைக்கு மேலாளர் முன்னாலும் இப்படியே உட்கார்ந்திருப்பானே, அவர் என்ன நினைப்பார்?

"அண்ணா, யாரையும் மாத்தலையா?" என்றேன்.

"ம்" என்றான். அதற்கு என்ன அர்த்தம் என்று எடுத்துக்கொள்வது?

எழுபத்து நான்கில் மவுஸ் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. நெட்டையன் வரவில்லை. இரண்டு குட்டை விங்கர்கள் இறங்கினார்கள், ஓரத்துக்கு ஒருவனாக. என் டிஃபெண்டர்கள் மூன்று பேரும் நடுவில் வராத பந்துக்காகக் காத்து நிற்க, இரண்டு ஓரமும் திறந்து கிடந்தது. எழுபத்தொன்பதில் ஒரு கோல். எண்பத்தெட்டில் இன்னொன்று. ஆட்டம் முடிந்தது, பன்னிரண்டாவது முறையாகத் தோற்றேன்.

அண்ணன் லேப்டாப்புக்கு மேலாக எட்டிப் பார்த்தான். வாய் ஒருபக்கம் மட்டும் சிரித்தது.

"அறு... அறுபதுக்குன்னு..." நின்றான். நாங்கள் யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. "மூணு கம்பத்த... நட்டு வெச்சிருந்தல்ல. அதான்... சும்மா உக்காந்திருந்தேன். நீ... ஆடிப்போகட்டும்னு."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மூக்கை உறிஞ்சினேன்.

"என்னடி ஆச்சு? யாரு ஜெயிச்சா?" என்று அண்ணி பதறிப்போய் எழுந்து வந்தாள்.

"அனுப்புங்க அண்ணி" என்றேன். "உங்க வீட்டுக்காரர எங்க வேணும்னாலும் அனுப்புங்க. என்கூட ஆட மட்டும் அனுப்பாதீங்க."