ஜனவரியில் பூட்டும் வீடு

வீடு விற்ற பணம் தன் கணக்கில் வந்து விழுந்த அன்று பெவர்லி செய்த முதல் காரியம், அதை அரசாங்கத்திடம் சொன்னதுதான். கைப்பேசியில் உதவித்தொகைக் கணக்கைத் திறந்து, வீட்டில் தன் பங்காக முப்பத்தோராயிரம் பவுண்டு வந்திருக்கிறது என்று தட்டி அனுப்பிவிட்டு, அப்புறம்தான் தேநீருக்குக் கெட்டிலைப் போட்டாள். விஷயம் தெரிந்ததும் அவளுடைய அண்ணன் மால்கம் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. தங்கை அயோக்கியத்தனம் செய்திருந்தால் மன்னித்திருப்பார். இது தன்னிடம் யோசனை கேட்காமல் செய்த யோக்கியத்தனம். அதை மன்னிப்பது கஷ்டம்.

அந்த வீட்டில் கடைசி ஒன்றரை வருஷம் புருஷன் மாடியிலும் பெவர்லி கீழேயுமாகக் குடித்தனம் நடந்தது. விவாகரத்து முடிந்தும் வீடு விலை போகவில்லை. ஹல் நகரத்தில் ஒழுகுகிற கூரைக்கு யார் அவசரப்படுகிறார்கள்? ஃபிரிட்ஜில் மேல் தட்டு அவனுக்கு, கீழ்த் தட்டு இவளுக்கு. வெண்ணெய் டப்பாவின்மேல் அவன் தன் பெயரை எழுதி ஒட்டியிருந்தான். ஊரார் பெற்றோரையெல்லாம் முதியோர் இல்லத்தில் தூக்கித் தூக்கி உட்கார வைத்ததில் பெவர்லியின் முழங்கால் இரண்டும் போய்விட்டன. இனி அந்த வேலைக்கு ஆகாது என்று டாக்டர் சொன்ன பிறகு உதவித்தொகைதான் அவளுக்குச் சோறு போட்டது.

வீடு கைமாறியதும் தோழி ஜெனினின் சோபாவில் படுக்கையைப் போட்டாள். மால்கமின் வீட்டில் மூன்று படுக்கையறைகள் உண்டு. ஒன்றில் மனைவியை இழந்த மால்கம் படுத்தார். ஒன்றில் இஸ்திரிப் பலகை. மூன்றாவதில், புல்வெளிப் பந்துருட்டும் சங்கத்தில் அவர் வாங்கிய கோப்பைகள். தங்கைக்கு இடமில்லை என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை. அந்தப் பேச்சு வர விட்டதில்லை, அவ்வளவுதான்.

இலவச ஆலோசனை மையத்தில், மூக்கைச் சிந்திக்கொண்டே ஒரு பெண்மணி பெவர்லிக்குச் சட்டத்தைச் சொன்னாள். கையிருப்பு பதினாறாயிரத்தைத் தாண்டினால் உதவித்தொகை நின்றுவிடும். வேறு வீடு வாங்கத்தான் இந்தப் பணம் என்றால் ஆறு மாதம் கண்டும் காணாமல் இருப்பார்கள். வாங்கிக் குடியேறிவிட்டால் அந்த வீட்டைக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். ஆனால் இந்தப் பணத்துக்கு ஹல்லில் வீடு எங்கே கிடைக்கும், கார் கொட்டகை வேண்டுமானால் கிடைக்கும். ஆகவே ஒரு சின்ன ஃபிளாட்டை வாடகைக்கு எடுங்கள், சொந்தப் பணத்தில் சாதாரணமாகச் சாப்பிட்டுக்கொண்டிருங்கள், ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள், பதினாறாயிரத்துக்குக் கீழே வந்ததும் திரும்ப விண்ணப்பியுங்கள் என்றாள்.

பெவர்லிக்கு இது போதும் என்றிருந்தது. களைத்தவர்களுக்குச் சாமர்த்தியமான வழி பிடிப்பதில்லை.

மால்கமுக்குச் சாமர்த்தியமான வழியைத் தவிர வேறெதுவும் பிடிக்காது. வீட்டுக்கடன் சங்கத்தின் கிளையொன்றில் முப்பது வருஷம் துணை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மேலாளர் விடுமுறையில் போன நாட்களையெல்லாம் கூட்டி, தன்னை மேலாளர் என்றே சொல்லிக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை மாட்டிறைச்சி வறுவலையும் யார்க்‌ஷயர் புட்டிங்கையும் பரிமாறிவிட்டு, கிரேவிக் கிண்ணத்தைத் தன் பக்கமே வைத்துக்கொண்டு பிரசங்கத்தை ஆரம்பித்தார். கைமுதலைச் சாப்பிடுகிறவன் உருப்பட்டதில்லை என்றார். நம் குடும்பத்தில் யாரும் அரசாங்கத்திடம் கையேந்தியதில்லை என்றார். ஏந்துகிறதென்று ஆனபின் முட்டாள்தனமாக ஏந்தக் கூடாது என்றும் சொன்னார். இந்த இரண்டு கொள்கைக்கும் நடுவே அவர் மூச்சுக்கூட விடவில்லை.

"வீட்டை வித்துத் திங்கப் போறியா, பெவ்?"

"கிரேவிய இப்படித் தள்ளுண்ணே. முதல்ல இதைத் தின்னுக்கறேன்."

அவர் தள்ளவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். உதவித்தொகை விதிகளை இணையத்திலிருந்து அச்செடுத்து, பச்சை மையால் கோடு போட்டிருந்தார். குடியிருக்கிற வீடு கணக்கில் வராது. வீடு என்றால் செங்கல்லால் கட்டியிருக்க வேண்டும் என்று எங்கே போட்டிருக்கிறது? விதர்ன்சீ பக்கம் கடலோரத்தில் கேரவன் வீடுகள் நிற்கிற பூங்கா இருக்கிறது. ஒவ்வொன்றிலும் இரண்டு படுக்கையறை, சமையலறை, எரிவாயு அடுப்பு. சக்கரம் இருக்கும், ஆனால் எங்கும் போகாது. ஒன்றை வாங்கிக் குடியேறினால் பணமும் மறைந்தது, வீடும் வந்தது, உதவித்தொகையும் வந்தபடி வரும். பெவர்லி ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் மால்கம் புட்டிங்கை வெட்ட ஆரம்பித்துவிட்டார், தீர்ப்பு எழுதி முடித்த நீதிபதி பேனாவை மூடுகிற மாதிரி.

அடுத்த சனிக்கிழமை பொத்தான் பளபளக்கும் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு தங்கையைக் காரில் கூட்டிப் போனார். பூங்கா ஒரு களிமண் மேட்டின்மேல் இருந்தது. அந்தக் கரையைக் கடல் எந்நாளும் தின்றுகொண்டிருப்பது அந்தப் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். கடைசி வரிசைக் கேரவன்களைப் போன வருஷம்தான் பின்னுக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள். பூங்காவின் மேலாளர் கிரெக் என்பவன் குடையைப் பிடித்துக்கொண்டு காற்றோடு மல்லுக்கட்டியபடி சுற்றிக் காட்டினான்.

"கடல் காட்சி இருக்கே, வருஷா வருஷம் நல்லாயிட்டே வருதுங்க" என்றான்.

மால்கம் அதை ஒரு சிறப்பாகக் குறித்துக்கொண்டார்.

விலை இருபத்தாறாயிரம். இட வாடகை தனி. கையெழுத்துப் போடும் நேரத்தில், இங்கே யாரும் நிரந்தரமாகக் குடியிருக்கக் கூடாது, விடுமுறைக்கு மட்டும்தான், ஜனவரி ஆரம்பத்தில் பூங்காவைப் பூட்டித் தண்ணீரை நிறுத்தினால் பிப்ரவரி நடுவில்தான் திறப்போம் என்று கிரெக் சொன்னான். ஆகவே நிஜ வீடு வேறெங்கோ இருப்பதாக ஒரு அத்தாட்சி வேண்டும், நகரசபைக்கு வீட்டுக்காகக் கட்டும் கவுன்சில் வரிச் சீட்டின் நகல் போதும் என்றான். பெவர்லியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, இங்கே பாதிப் பேருக்கு நிஜ வீடு மகள் வீட்டு விலாசத்தில்தான் இருக்கிறது என்று தைரியம் சொன்னான்.

பெவர்லி பேனாவைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, இது வீடா, இல்லையா?"

"இவங்களுக்கு இது விடுமுறை. உதவித்தொகைக்காரங்களுக்கு இது வீடு. ரெண்டு ஆபீசும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்காது. மேலாளரா இருந்தவன் சொல்றேன், போடு."

"ஜனவரியில?"

"அதை ஜனவரியில பாத்துக்கலாம்."

அண்ணனின் பெருந்தன்மை அன்று உச்சத்தில் இருந்தது. தன் விலாசத்தையே தங்கையின் நிஜ வீடாக எழுதச் சொன்னார். காரிலிருந்து வரிச் சீட்டைக் கொண்டுவந்து, கீழ்ப்பாதியை ஒழுங்காக மடித்துக்கொண்டு கிரெக்கின் இயந்திரத்தில் நகல் எடுத்தார். மடிப்பு ஏன் என்று பெவர்லி கேட்கவில்லை. முழங்கால் வலித்தது, மழை பெய்தது, கேட்டால் அதற்கும் ஒரு பிரசங்கம் வரும். கையெழுத்தைப் போட்டுவிட்டாள்.

கோடை பரவாயில்லாமல் போயிற்று. காலையில் கூரைமேல் கடற்காகங்கள் பூட்ஸ் போட்டு நடக்கிற மாதிரி நடக்கும். ஃபிரிட்ஜ் முழுவதும் அவளுடையது. முதல் வாரம் ஒவ்வொரு தட்டிலும் ஒவ்வொரு சாமானாகப் பரப்பி வைத்துப் பார்த்தாள். மால்கம் பந்துருட்டும் சங்கத்து நண்பர்கள் இருவரைக் கூட்டிவந்து, இது தன்னுடைய யோசனை என்று காட்டி, அவளுடைய பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் போனார்.

அக்டோபரில் உதவித்தொகை அலுவலகம் கூப்பிட்டது. சுவரில், உங்கள் பயணத்தில் உங்களோடு நாங்கள் என்று ஒரு விளம்பரம் ஒட்டியிருந்தது. அதில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் யாருக்கும் முழங்கால் வலி இருப்பதாகத் தெரியவில்லை. ஷானன் என்கிற இளம்பெண் அவளுடைய வழக்கைப் பார்ப்பவள். அவளும் களைத்துத்தான் இருந்தாள். வீட்டுப் பணம் என்ன ஆயிற்று என்று கேட்டாள். ஒப்பந்தத்தைக் காட்டச் சொன்னாள். பெவர்லி காட்டினாள்.

"இதுல விடுமுறைக்கு மட்டும்னு போட்டிருக்கே, பெவர்லி. வருஷம் பூரா இருக்க முடியுமா?"

"முடியாது கண்ணு. ஜனவரியில பூட்டிடுவாங்க."

"அப்ப எங்க இருப்பீங்க?"

மால்கம் சொல்லிக் கொடுத்திருந்த பதில் ஒன்று இருந்தது. அதில் மூன்று துணை வாக்கியங்கள். பெவர்லிக்கு முதலாவதே நினைவுக்கு வரவில்லை.

"தெரியலயே கண்ணு" என்றாள்.

முடிவு நவம்பரில் வந்தது. பூட்டுகிற வீடு வீடல்ல. ஆகவே கேரவன் அவளுடைய சொத்து. இருபத்தாறாயிரத்துக்கு வாங்கியதால் இருபத்தாறாயிரம் கையிருப்பில் இருப்பதாகவே பொருள். உதவித்தொகை நிறுத்தப்பட்டது. இதுவரை கொடுத்ததில் எவ்வளவைத் திருப்பிக் கேட்பது என்று பின்னர் தெரிவிப்பார்கள். இட வாடகையும் எரிவாயு உருளையும் போக, பெவர்லியின் கையில் அப்போது இருந்தது குளிர்காலத்தைத் தாண்டுமா என்று சொல்ல முடியாத அளவு.

கேரவனை விற்றுவிடலாம் என்று கிரெக்கிடம் போனாள். பூங்காவே திரும்ப எடுத்துக்கொள்ளும், பதினோராயிரம் தரலாம் என்றான். மே மாதம் இருபத்தாறு என்றாயே என்று கேட்டாள். மே மாதம் அது புதுசு என்றான். சாவி கைமாறிய நிமிஷமே அது பழையதாகிவிடும் என்பது அந்த வியாபாரத்தில் எல்லாருக்கும் தெரிந்தது, அவளைத் தவிர.

இதை ஷானனுக்குத் தொலைபேசியில் சொன்னாள். ஷானன் விதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அதன் விலை இப்போது பதினோராயிரம்தான் என்று பூங்கா எழுதிக் கொடுத்தால் அது பதினாறுக்குக் கீழே, கொஞ்சம் குறைத்தாவது உதவித்தொகை திரும்ப வர வழி உண்டு என்றாள். அதாவது, ஏமாந்ததை நிரூபித்தால் சாப்பாடு. கிரெக் மாட்டேன் என்று சொல்லவில்லை. எழுதித் தருகிற அதிகாரம் முதலாளிக்குத்தான், முதலாளி டெனரீஃப் தீவில் வெயில் காய்கிறார், பூங்கா திறக்கிறபோதுதான் வருவார் என்றான்.

மால்கம் மேல்முறையீடு ஒன்றை எழுதினார். 'நிதித்துறையில் நீண்டகாலம் மேலாண்மைப் பொறுப்பு வகித்தவன் என்ற முறையில்' என்று தொடங்கி மூன்று பக்கம் போயிற்று. அதில் பெவர்லியின் பெயர் இரண்டாம் பக்கத்தில்தான் வந்தது. கேரவனின் விலை பாதிக்கும் கீழே போய்விட்டது என்ற ஒரே வரியைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டாள். அது என் கணிப்பைக் கொச்சைப்படுத்தும் என்றார். அவள் அதை அனுப்பவில்லை.

ஜனவரி வந்தது. கிரெக் தண்ணீரை நிறுத்தினான். ஜெனினின் சோபாவில் இப்போது அவளுடைய மகன் படுத்திருந்தான். பெவர்லி இரண்டு பைகளையும் கெட்டிலையும் எடுத்துக்கொண்டு, பேருந்து பிடித்து, மால்கமின் வாசலில் போய் நின்றாள்.

மால்கம் கதவைப் பாதி திறந்தார்.

"என்ன பெவ், சொல்லாம கொள்ளாம?"

"என் வீட்டுக்கு வந்திருக்கேண்ணே. நீதானே எழுதிக் கொடுத்த."

"அது காகிதத்துக்கு."

"நானும் காகிதத்தில இருக்கிற ஆள்தான். நகருண்ணே, கால் வலிக்குது."

நகர்ந்தார். வரவேற்பறையில் அவளை உட்காரவைத்துவிட்டு, தான் உட்காராமல் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். யாராவது வந்து கேட்டால் ஊரிலிருந்து வந்த விருந்தாளி என்று சொல்லச் சொன்னார். அக்கம்பக்கத்தில் பேச்சுக் கொடுக்காதே, தபாலை இந்த விலாசத்துக்கு வரவழைக்காதே என்றார். பெவர்லிக்கு முதலில் புரியவில்லை. பிறகு, நகல் எடுத்த அன்று அவர் மடித்த மடிப்பு நினைவுக்கு வந்தது.

"அந்தச் சீட்டோட கீழ்ப்பாதியில என்னண்ணே இருந்தது?"

மால்கம் இருமினார். அவசியமில்லாத விவரம் என்றார். அவள் பார்த்துக்கொண்டே இருந்ததால், கடைசியில் சொன்னார். தனியாக இருப்பவர்களுக்குக் கவுன்சில் வரியில் கால் பங்கைக் கழிப்பார்கள். மனைவி போனதிலிருந்து அவருக்கு அது கிடைத்துவருகிறது. வீட்டில் இன்னொரு ஆள் இருப்பதாகத் தெரிந்தால் போய்விடும். எப்போதிலிருந்து இருக்கிறாள் என்ற கேள்வியும் வரும். கிரெக்கின் அலமாரியில் மே மாதத் தேதியோடு ஒரு நகல் இருக்கிறது.

"நம்ம குடும்பத்தில யாரும் அரசாங்கத்துக்கிட்ட கையேந்தினதில்லன்னு சொன்னியே."

"இது உதவித்தொகை இல்ல, பெவ். தள்ளுபடி." கோட்டின் பொத்தானைத் தடவினார். "ரெண்டும் வேற."

பெவர்லி சிரிக்கவில்லை. சிரிக்கத் தெம்பு இருந்திருந்தால் சிரித்திருப்பாள். ஷூவைக் கழற்றிக் காலை நீட்டினாள்.

"பேருந்தில வரும்போதே ஷானனுக்கு எழுதிட்டேண்ணே. இன்னையிலேருந்து இந்த விலாசம்னு. மே மாசம் பொய்யா எழுதினதையும் சொல்லிட்டேன். கவுன்சிலுக்கு நீயே போன் பண்ணிடு, அவங்களா கேக்கிறதுக்கு முந்தி."

மால்கம் கோட்டை நேராக இழுத்துவிட்டுக்கொண்டார். கூடத்துக்குப் போய்த் தொலைபேசியை எடுத்தார். வழக்கமான மேலாளர் குரலில்தான் ஆரம்பித்தார். அந்தப் பக்கத்து இயந்திரம் ஒன்றை அழுத்தச் சொன்னது, இரண்டை அழுத்தச் சொன்னது, பிறகு இசையைப் போட்டுக் காக்கவைத்தது. இயந்திரத்துக்குத் துணை மேலாளர் என்றும் மேலாளர் என்றும் பேதமில்லை. கதவிடுக்கில் அவர் முதுகு தெரிந்தது. கோட்டின் தோளில் பொடுகு.

வெகுநேரம் கழித்து அவர் அடுக்களைக்குள் போகிற சத்தம் கேட்டது. கோப்பைகள் இருந்த அறையைக் காலி செய்ய நாளாகும், அதுவரை இஸ்திரிப் பலகையை நகர்த்திக்கொள் என்று அங்கிருந்தே சொன்னார். பெவர்லி பையிலிருந்து பாலையும் வெண்ணெயையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மால்கம் ஃபிரிட்ஜின் முன்னே குனிந்து, தன் மார்மலேட் ஜாம் புட்டிகளை ஒவ்வொன்றாக மேல் தட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்.

"கீழ்த் தட்டு உனக்கு" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

"தெரியும்ணே" என்று சொல்லிவிட்டு அவள் பாலை உள்ளே வைத்தாள்.