எரியாத பிளாஸ்டர்

என் தங்கை நெவேனாவின் புருஷன் வெலிச்கோவுக்கு என்ன நோய் என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும், இரண்டு பேரைத் தவிர. ஒருவர் வெலிச்கோ. இன்னொருவர் என் புருஷன் ராட்கோ.

வெலிச்கோவுக்குத் தெரிந்தால் மனசு விட்டுவிடுவார் என்று மறைத்தோம். எங்கள் பக்கத்தில் அந்த நோய் வந்தவரிடம் அதைச் சொல்வதில்லை. அதன் பேரைக்கூட வாயில் எடுக்க மாட்டோம், 'கெட்டது' என்றுதான் சொல்வோம். டாக்டரும் நெவேனாவைத் தனியாக வெளியே கூப்பிட்டுத்தான் சொன்னார், முதுகெலும்புவரை போய்விட்டது என்று. ராட்கோவிடம் மறைத்ததற்குக் காரணம் வேறு. அவருக்குத் தெரிந்தால் வெலிச்கோவுக்குத் தெரிந்த மாதிரிதான். ஒரு கிளாஸ் ராக்கியா சாராயம் காலியாகும் நேரம்கூட அந்த மனுஷன் வாயில் ஒரு விஷயம் நிற்காது.

ஆகவே வெலிச்கோவிடம் இடுப்பு நரம்புப் பிடிப்பு என்றோம். வயசானால் வருவது, காலுக்கு இழுக்கும், போகப்போகச் சரியாகும். அவரும் நம்பினார். வலிக்கு மூன்று நாளுக்கு ஒன்றாக நெவேனா அவர் நெஞ்சில் பிளாஸ்டர் ஒட்டினாள். இடுப்பு வலிக்கு எதற்கு நெஞ்சில் என்று கேட்டாராம். "இப்பல்லாம் அப்படித்தான்" என்றாளாம் இவள்.

செப்டம்பரில் பிளம்ஸ் பழம் ஊறப்போட்ட டிரம்மைத் தனியாகத் தூக்கப் போய் ராட்கோ இடுப்பைப் பிடித்துக்கொண்டார். கும்பிடு போட்டவர் நிமிராத மாதிரி அப்படியே நின்றார். எதிர் வீட்டுக்காரரைக் கூப்பிடு என்று நான் சொன்னதை எப்போது கேட்டிருக்கிறார்? ஊர் நர்ஸ் வந்து பார்த்தாள். நிஜமான நரம்புப் பிடிப்பு. மாத்திரை அவருடைய புண் பிடித்த வயிற்றுக்கு ஆகாது. ஊசியைக் கண்டால் ஓடுகிற ஆள், அன்று ஓட முடியாததால் கெட்ட வார்த்தை பேசினார். கடைசியில் நர்ஸ் பையிலிருந்து பின்பக்கம் வைக்கிற மருந்தை எடுத்து நீட்டினாள்.

"அந்த வாசல் வெளிய போறதுக்கு மட்டும்தாம்மா," என்றார் ராட்கோ. "உள்ள வர்றவங்களுக்கு அனுமதி இல்ல."

"அப்ப வலியோட கெட," என்று அவள் பையை மூடிக்கொண்டு போனாள். நியாயம்தானே.

அன்றைக்கு நெவேனா ஊரில் இல்லை. புது பிளாஸ்டர் பெட்டிக்கு டாக்டரிடம் எழுதி வாங்க டவுனுக்குப் போய், மகள் வீட்டில் தங்கிவிட்டாள். ராட்கோ துடைப்பக் கட்டையை ஊன்றிக்கொண்டு, வேலித் திறப்பு வழியாக அடுத்த வீட்டில் இருக்கும் வெலிச்கோவிடம் புலம்பப் போனார். திரும்பி வந்தபோது முகத்தில் ஒரே சிரிப்பு.

"பாருடி," என்று சட்டையைத் தூக்கி இடுப்பைக் காட்டினார். பரிசுப் பொட்டலத்துக்கு ஒட்டும் டேப் மாதிரி மெல்லிசாக, கண்ணாடி போல ஒன்று ஒட்டியிருந்தது. "வெலிச்கோ குடுத்தாரு. அவருக்கும் இதே வியாதிதானாம்ல! இன்னிக்கு அவர் ஒட்டிக்க வேண்டியது. 'நெவேனா வந்தா எனக்கு வேற கெடைக்கும், நீ முதல்ல நிமிரு சகலை'ன்னு தன் கையால ஒட்டிவிட்டாரு. கல்யாணம் ஆன நாள்லேருந்து அந்த ஆளு எனக்கு ஒரு ஆணிகூடக் குடுத்ததில்ல!"

எனக்குச் சுருக்கென்றது. 'இதே வியாதி' என்றதற்காகத்தான், பிளாஸ்டருக்காக இல்லை. பாவம், வெலிச்கோ தன்னையும் இவரையும் ஒன்றாக நினைத்துக்கொண்டிருக்கிறாரே என்று கண் கலங்கியது. பிளாஸ்டர் என்றால் எனக்குத் தெரிந்தது வலிக்கு மருந்துக்கடையில் விற்கும், தோலை எரிக்கிற மிளகாய் பிளாஸ்டர். எந்த வீட்டு அலமாரியைத் திறந்தாலும் இருக்கும். மாத்திரை வயிற்றுக்குள் போகும், ஊசி ரத்தத்துக்குள் போகும், பிளாஸ்டர் தோலுக்கு மேலே கிடக்கும். மேலே கிடப்பது யாரை என்ன செய்துவிடும்?

மறுநாள் காலையில் ராட்கோ தலை சுற்றுகிறது என்றார், வாந்தி எடுத்தார். முந்தின ராத்திரி குடித்த ராக்கியாவைத் திட்டினேன்.

"வலி எப்படி இருக்கு?"

"கொஞ்சம் தேவலை. ஆனா இது எரியவே இல்லையேடி. மிளகாய் பிளாஸ்டர்னா இந்நேரம் நாய் மாதிரி கடிச்சிருக்கும். இது தூங்குது."

"தூங்கினா எழுப்புவோம்," என்றேன்.

கல்லுப்பை வாணலியில் போட்டு நன்றாகச் சூடாக்கி, கம்பளிக் காலுறையில் கொட்டி முடிந்து, சரியாகப் பிளாஸ்டர் மேலேயே வைத்தேன். இடுப்புப் பிடிப்புக்கு எங்கள் ஊரில் எல்லாரும் செய்வதுதான். "ஆஹா," என்று கண்ணை மூடினார். ஆறியதும் இன்னொரு தடவை சூடாக்கி வைத்தேன். குறட்டை கேட்டது. அப்பாடா, தூங்கட்டும் என்று முற்றத்துக்குப் போய் குளிர்காலத்துக்குப் பாட்டிலில் போட்டுவைக்கக் குடைமிளகாயைச் சுட உட்கார்ந்தேன்.

ஜன்னல் திறந்திருந்தது. முப்பத்தெட்டு வருஷமாகக் கேட்கிற குறட்டை, அதனால்தான் காதில் பட்டது. ஒன்று வந்தது. பிறகு ஒன்றும் இல்லை. நான் ஒரு மிளகாயைத் திருப்பிப் போட்டு, அடுத்ததையும் திருப்பிப் போட்டேன். அப்புறம்தான் இன்னொன்று வந்தது, தண்ணீருக்குள்ளிருந்து வருவது மாதிரி. கையில் இருந்த இடுக்கியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

உதடு பிளம்ஸ் பழ நிறத்தில் இருந்தது. கன்னத்தில் தட்டினேன், அறைந்தேன். இமையைத் தூக்கிப் பார்த்தால் கண்மணி குண்டூசித் தலை அளவு சுருங்கிக் கிடந்தது. நான் போட்ட கூச்சலில், பஸ்ஸை விட்டு இறங்கி வந்துகொண்டிருந்த நெவேனா பையோடு உள்ளே பாய்ந்தாள். சட்டையைத் தூக்கி, உப்பு மூட்டையைத் தள்ளினாள். அவள் முகத்தை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

"அக்கா! இதை யாரு இங்க ஒட்டினது?"

"உன் புருஷன்தான். ஏண்டி, ஒரு பிளாஸ்டர்தானே..."

"பிளாஸ்டர் இல்லக்கா! மார்ஃபினுக்கு அப்பன்! ஒரு சொட்டுக்கூட பழக்கமில்லாத உடம்புக்கா!" அவள் நகத்தால் அதைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "சூடு வேற வெச்சிருக்க! சூடு பட்டா மடமடன்னு உள்ள இறங்கிடும்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே!"

"தோல் வழியாவா?"

"தோல் வழியாத்தான்! அதுக்குத்தானே செஞ்சிருக்காங்க!"

"படிச்சுப் படிச்சு யார்கிட்ட சொன்னாரு?"

"என்கிட்ட."

"பெட்டிக்குள்ள காகிதம் இருக்குமே, அதுல ஒண்ணும் போடலையா?"

"இருந்துச்சு. அவர் படிச்சிடுவார்னு அடுப்புல போட்டுட்டேன்."

அவளை அங்கேயே அடித்திருப்பேன். ஆனால் எந்தக் கையால்? என் கையால் உப்பை வறுத்து, என் கையால் என் புருஷனுக்கு விஷம் ஏற்றியிருக்கிறேன், அதுவும் இரண்டு தடவை.

ஆம்புலன்சுக்குப் போன் போட்டோம். போனில் பேசிய பெண் ஒட்டியிருந்த இடத்தைக் கழுவச் சொன்னாள். நான் பழக்கத்தில் ராக்கியா பாட்டிலை எடுத்தேன். நெவேனா போனில் அதைச் சொன்னதும் அங்கிருந்து ஒரு அலறல். "சாராயம் வேண்டாம், சோப்பும் வேண்டாம்! வெறும் தண்ணி! பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருங்க, மூச்சு விடச் சொல்லுங்க!"

மூச்சு விடு என்று ஒரு மனுஷனிடம் சொல்ல வேண்டிவரும் என்று நான் நினைத்ததே இல்லை. "யோவ் ராட்கோ, மூச்சு விடுய்யா!" என்று கத்தினால் ஒன்று விடுவார். அப்புறம் மறந்துவிடுவார். திரும்பவும் கத்துவேன், தோளைக் குலுக்குவேன், கிள்ளுவேன். இத்தனை வருஷமாக நான் சொன்ன எதையும் கேட்காதவர் இதையாவது கேட்க வேண்டுமே என்று அழுதுகொண்டே கத்தினேன். தொண்டை கட்டி, காற்று மட்டும் வருகிற நேரத்தில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது.

வந்தது என் மகள் வயசு டாக்டர். கையில் நரம்பைத் தேடி ஊசியை ஏற்றினாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ராட்கோ தண்ணீரிலிருந்து எழும்பியவர்போல 'ஹா' என்று இழுத்து, கண்ணைத் திறந்து, கையைப் பார்த்தார்.

"எவடி எனக்கு ஊசி போட்டது?"

நான் சிரிப்பும் அழுகையுமாக அவர் காலைக் கட்டிக்கொண்டேன். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "தோலுக்கு அடியில மருந்து இன்னும் நிக்குது, கொஞ்சம் கொஞ்சமா இறங்கிட்டே இருக்கும். திரும்ப மூச்சு நின்னுடலாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறேன்," என்றாள். பிறகு மேஜையில் கிடந்த பிளாஸ்டரை எடுத்து அதில் இருந்த எழுத்தைப் படித்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாள். நல்ல கோபம். "இதை யாருக்கு எழுதிக் குடுத்தாங்க? இங்க யாருக்குக் கேன்சர்?"

நெவேனா என்னைப் பார்த்தாள், நான் தரையைப் பார்த்தேன். ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த ராட்கோதான் பேசினார். "கேன்சரா? யாருக்கு?"

"எனக்குத்தான் போல, டாக்டர்."

வாசலில் வெலிச்கோ நின்றிருந்தார். கூச்சல் கேட்டு இரண்டு கையிலும் கம்பு ஊன்றி வேலியைத் தாண்டி வந்திருக்கிறார். எப்போதிலிருந்து நின்றார் என்று தெரியாது. நெற்றியெல்லாம் வேர்வை. "இப்பத்தான் தெரிஞ்சுது," என்றார். அப்புறம் ராட்கோவைப் பார்த்து, "மன்னிச்சுக்க சகலை. ரெண்டு பேருக்கும் ஒரே வியாதின்னுதான் குடுத்தேன்."

ராட்கோ ஸ்ட்ரெச்சரிலிருந்து அவர் பக்கம் கையை நீட்டினார். டாக்டர் எங்கள் முகங்களைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். ஸ்ட்ரெச்சரைத் தூக்கச் சொன்னாள்.

ஆம்புலன்சில் எனக்கு இடமில்லை. எதிர் வீட்டுக்காரர் கார் எடுக்கப் போனார். நாங்கள் மூன்று பேரும் அந்த அறையிலேயே இருந்தோம். வெலிச்கோ நாற்காலியில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். நேற்று ஒட்டவேண்டியதைக் கொடுத்துவிட்டார், பழசில் மருந்து தீர்ந்துபோயிருக்கிறது. அந்த வலியை வைத்துக்கொண்டா இந்த மனுஷன் வேலி தாண்டி வந்தார்?

நெவேனா பையைத் திறந்து புதுப் பெட்டியை எடுத்தாள். ஒன்றைக் கிழித்து, விரலில் ஏந்திக்கொண்டு அவர் பக்கத்தில் மண்டி போட்டாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். கோபமில்லாத பிடிதான்.

"இரு. எதுக்குன்னு சொல்லிட்டு ஒட்டு."

நெவேனா என்னைத் திரும்பிப் பார்த்தாள். வெளியே கார் ஹார்ன் அடித்தது. நான் அசையவில்லை.

அவள் சொன்னாள். 'கெட்டது' என்று சொல்லவில்லை, நோயின் பேரைச் சொன்னாள். எந்த எலும்புவரை போயிருக்கிறது என்பதையும் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை வெலிச்கோ அவள் கையை விடவில்லை. பிறகு தானே சட்டைப் பொத்தான்களைக் கழற்றி நெஞ்சைக் காட்டினார்.