தகட்டில் இருந்த பெயர்

எழுந்தேன். பல் துலக்கினேன். குளித்தேன். பிரிக்பீல்ட்ஸில் காலையில் குழாய்த் தண்ணீர் மெதுவாக வரும். காப்பி போட்டுக் குடித்தேன். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கிள்ளான் வண்டி ஏறினேன்.

என் மாமியார் நல்லம்மாள் கிள்ளானில் தனியாக இருக்கிறார். அவர் கணவர் அய்யாவு ரயில்வேயில் தண்டவாளம் போடும் ஆட்களுக்கு மேஸ்திரி. யுத்தத்தின்போது ராணுவத்துக்குப் பாதை போட மெசபடோமியாவுக்குப் போனவர் திரும்பவில்லை. இறந்தார் என்று யாரும் சொல்லவுமில்லை. ஆகவே மாமியார் பொட்டும் தாலியுமாகவே இருந்தார். கல்யாண வீடுகளில் முன்னால் நின்றார்.

அப்பாவைத் தேடிப் போக வேண்டும் என்பது என் மனைவி புஷ்பவல்லியின் ஆசை. நான் சர்வே ஆபீசில் வரைபடம் வரைகிறவன். அந்த யுத்தத்தில் இருந்த துரை ஒருவரிடம் பழைய ராணுவ வரைபடத்தை இரவல் வாங்கித் துணியில் படி எடுத்தேன். குர்னாவிலிருந்து அமாரா வரை ஆற்றோரமாக ஒரு ரயில் பாதை. துணி நகராமல் புஷ்பம் பிடித்துக்கொண்டாள். நீண்ட விடுப்பில் இருவரும் போவதாக இருந்தது. ஐப்பசியில் காய்ச்சல் கண்டு அவள் போய்விட்டாள். விடுப்பு அப்படியே இருந்தது. தனியாகப் போனேன்.

வரைபடத்தில் இருந்த பாதை தரையில் இல்லை. யுத்தம் முடிந்ததும் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்களாம். மண்மேடு மட்டும் நீண்டு கிடந்தது. அதன்மேல் நடந்தேன். பக்கத்தில் தூர்ந்துபோன பதுங்குகுழிகளில் ஆடுகள் மேய்ந்தன. ஆறு வளையும் இடத்தில் தண்டவாளத் துண்டு ஒன்று நட்டிருந்தது. அதில் ஓர் இரும்புத் தகடு. உளியால் வெட்டிய தமிழ் எழுத்து: அய்யாவு, கிள்ளான், 1917. கூட இருந்தவர்கள் செய்திருக்க வேண்டும். அந்த வெளியில் அதைப் படிக்க என்னைத் தவிர ஆளில்லை.

இன்று கிள்ளான் வீட்டு வாசலில் மாமியார் நின்றார். நெற்றியில் பெரிய பொட்டு.

"என்ன மாப்பிள்ளை, எலும்பாப் போயிட்டீங்க! அந்த ஊர்ல சோறு கெடையாதா?"

"ரொட்டிதான் அத்தை. பேரீச்சம்பழம் கொண்டாந்திருக்கேன்."

"பழம் தின்னா வயிறு நெறையுமா? உக்காருங்க."

சாப்பிடும்போது பக்கத்து வீட்டு இராஜம்மா எட்டிப் பார்த்தார். "தம்பி வந்துருச்சா? 'எங்கப்பாவத் தேடிப் போங்க'ன்னு சொல்லிட்டுத்தானே புள்ள கண்ண மூடுச்சு. சொன்னபடி செஞ்சிட்டீங்க லா."

அது மாமியார் ஊரெல்லாம் சொல்லிவைத்தது. அந்த நேரத்தில் அவர் பக்கத்தில் இல்லை. நான் மறுத்ததில்லை.

இராஜம்மா போனபின் துணியை விரித்தேன்.

"எங்க?"

விரலை வைத்தேன்.

"ஆத்தங்கரையா?"

"ஆமா."

"இருக்காகளா?"

"இல்ல அத்தை. பேரு வெட்டி நட்டு வெச்சிருக்கு."

"பேரு சரியா இருந்துச்சா?"

மாமியார் தன் கணவர் பெயரைச் சொல்ல மாட்டார். நான் சொன்னேன். ஊரையும் சொன்னேன்.

"எப்பன்னு போட்டிருக்கா?"

எதற்குக் கேட்கிறார் என்று தெரியும். எங்கள் கல்யாணத்தில் புஷ்பத்துக்கு மஞ்சள் பூசி நலங்கு வைத்தவர் அவர். அவள் போனபோது, சுமங்கலி கையால் வைக்க வேண்டும் என்று அவளுக்குக் குங்குமம் வைத்தவரும் அவர்தான்.

"தேதி போடல அத்தை."

"அப்ப, புள்ளைக்கு அப்புறமாக்கூட இருக்கலாம்."

"இருக்கலாம்."

எழுந்து உள்ளே போனார். தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது நெற்றி ஈரமாக இருந்தது. வெளியே மழை பிடித்திருந்தது. அவர் கையில் புஷ்பத்தின் குடை.

"இருட்டிரும். கெளம்புங்க மாப்பிள்ளை."

"இன்னிக்கு இங்கயே இருக்கேன் அத்தை."

"வேணாம். நான் கொஞ்சம் தனியா இருக்கணும்."

ஸ்டேஷனில் குடையை மடக்கினேன். நீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஆண்பிள்ளைக்கு அழிக்க ஒன்றும் கிடையாது.

புஷ்பம் போன அன்றைக்கும் ஆஸ்பத்திரியில் மழைதான். கடைசி வண்டி போய்விடும் என்று மாமியார் கிளம்பினார். அவர் வார்டு வாசலைத் தாண்டியதும் புஷ்பம் கண்ணைத் திறந்தாள். அப்பாவைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

"அம்மாவக் கூப்பிட்டு என் குடையக் குடுங்க. நனஞ்சிரப் போறாங்க."