அவள் சொன்ன இடம்

சொந்த ஊரில் அவள் பியூட்டி பார்லர் வைத்திருந்தாள். கணவர் தொழிற்சாலை பஸ் ஓட்டியவர். ஊர்வலத்துக்கு ஆள் ஏற்றிப் போனார் என்று ஒரு மத்தியானம் சிப்பாய்கள் வந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்தவரை எழுப்பிக் கொண்டுபோனார்கள். கை கழுவக்கூட விடவில்லை. அப்புறம் தகவலே இல்லை. அவள் எல்லை தாண்டி வந்து, பக்கத்து நாட்டில் யாரோ ஒருவருடைய கடையில் முடி வெட்டிப் பிழைத்தாள்.

அங்கேதான் அந்தப் பக்கத்து நாட்டு அரசாங்கத்தின் வக்கீல் அம்மா அவளைத் தேடி வந்தார். அந்த நாட்டின் பீரங்கிகள் ஏற்கெனவே எல்லையில் நின்றன. ஆனால் உலக நாடுகளின் சபையில் ஆதரவாக ஓட்டு விழாவிட்டால், எல்லை தாண்டி நுழைவதற்கு ஆக்கிரமிப்பு என்று கெட்ட பேர் வந்துவிடும். பாதி நாடுகள் பிடிகொடுக்காமல் இருந்தன.

"நாங்க புள்ளிவிவரம் காட்டினா கொட்டாவி விடுறாங்க. நீங்க பேசினா கேப்பாங்க" என்றார் வக்கீல்.

ஓட்டு விழுந்தால் என்ன ஆகும் என்று அவள் கேட்டாள்.

"அப்புறம் எல்லாம் சட்டப்படி நடக்கும்."

சட்டப்படி என்றால் கணவர் வீட்டுக்கு வருவார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். சரி என்றாள்.

விமானம் ஏறும் நாளன்று கொழுந்தன் போன் செய்தான். "அண்ணி, அண்ணன் இருக்காரு. பழைய மாவு மில்லுல வெச்சிருக்காங்க. தண்ணி லாரி ஓட்டுறவன் கண்ணால பாத்திருக்கான்."

அவள் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு வக்கீலிடம் ஓடினாள். வக்கீல் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "இதையும் சொல்லுங்க. இடத்தைச் சொல்லிட்டா உலகமே பாத்துக்கிட்டிருக்கும். யாரும் அவர்மேல கை வைக்க முடியாது." அவர் அதை நம்பித்தான் சொன்னார்.

சபைக்குள் போகுமுன் ஒரு பெண் வந்து அவள் உதட்டுச்சாயத்தைத் துடைத்துவிட்டாள். அழுத முகமாகத் தெரிய வேண்டுமாம். எத்தனையோ கல்யாணப் பெண்களுக்கு முக அலங்காரம் செய்தவளுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. மேடையில் பேசினாள். மாவு மில்லைச் சொன்னாள், ஆற்றுப் பாலத்துக்கு எந்தப் பக்கம் என்பதைக்கூடச் சொன்னாள். தவறுதலாகக் காதில் மாட்டியிருந்த மொழிபெயர்ப்புக் கருவியில், யாரோ ஓர் ஆண் அவள் வார்த்தைகளை வேறு பாஷையில், அலுப்பே இல்லாத குரலில் சொல்லிக்கொண்டு வந்தான். ஓட்டு விழுந்தது. நிறையப் பேர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

போர் தொடங்கிய இரண்டாம் வாரம் மாவு மில்மேல் வக்கீல் நாட்டுப் படையின் குண்டு விழுந்தது.

அங்கே ஆயுதம் பதுக்கியிருந்தார்களாம். வக்கீல் போனில் சொன்னார்.

"யாரு மேடம் சொன்னா?"

வக்கீல் போனை வைத்துவிட்டார்.

கொழுந்தன் போய் இடிபாட்டைத் தோண்டிப் பார்த்தான். இரும்பு கிடைத்தது, செருப்புகள் கிடைத்தன. அண்ணனுடையது என்று சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. குண்டு விழுமுன் சிலரை வேறெங்கோ மாற்றினார்கள் என்றும் ஒரு பேச்சு இருந்தது. "நீங்க நல்லதுக்குத்தானே அண்ணி சொன்னீங்க" என்றான். அந்தத் 'தானே' அவளை விடவில்லை. அவன் குறையாகச் சொன்னானா, ஆறுதலாகவா என்று புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

வேலையில் வினோதங்கள் நடந்தன. முடி வெட்டி முடித்ததும் கழுத்தில் பவுடர் தட்டினால், வெள்ளைத் தூசிக்குள் யாரோ இருமுவது கேட்கும். பவுடரை விட்டுவிட்டாள். ஹேர் டிரையர் ஓடும்போது சபையில் காதில் கேட்ட அந்த ஆண் குரல் வரும். பாஷை புரியாவிட்டாலும் பாலத்துக்கு எந்தப் பக்கம் என்று சொல்கிறான் என்று தெரியும். அணைப்பாள். "ஏங்க, இன்னும் காயலையே" என்பார்கள் வாடிக்கையாளர்கள்.

சில வருஷம் கழித்து வக்கீல் மறுபடி வந்தார். தலை நரைத்திருந்தது. இப்போது வேறொரு எல்லை, வேறொரு சபைக்கூட்டம். பேச வேண்டியவள் சின்னப் பெண், புருஷனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், பயந்து கிடக்கிறாள், பக்கத்தில் உட்கார்ந்தால் போதும் என்றார். முடியாது என்று சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். ஆனாலும் போனாள்.

அறையில் அந்தப் பெண் கைக்குட்டையைத் திருகிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் எழுந்து, "பேசலாமாக்கா?" என்று கேட்டாள்.

இவள் கதவைச் சாத்திவிட்டு வந்து கேட்டாள்: "உன் ஆள் எங்க இருக்காருன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்கா."

"அதை மட்டும் யார்கிட்டயும் சொல்லாதம்மா."

அந்தப் பெண் முகம் வெளுத்தது. "நேத்தே மேடம்கிட்ட சொல்லிட்டேனேக்கா. வரைபடத்துல புள்ளி வெச்சுக் காட்டினேன்."

வெளியே யாரோ கதவைத் தட்டி, நேரமாகிவிட்டது என்றார்கள்.