கிலோமீட்டருக்குத் தொண்ணூற்றைந்து மீட்டர்

1

ஒரு கதை எங்கிருந்து தோன்றியது என்பதை ஆசிரியர் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது முறை என்று கருதுகிறேன். இக்கதை கற்பனையில் தோன்றவில்லை. ஒரு தவறில் தோன்றியது. தவறு என்னுடையது. அதன் பலனை அனுபவித்தவர் என் அண்ணி. அதை நேரில் சொல்லும் துணிவு நான்கு நாள்களாக எனக்கு வரவில்லை. ஐந்தாம் நாள், கதையாக எழுதி அவர் கையில் கொடுத்துவிடலாம் என்னும் எண்ணம் வந்தது. கதை என்றால் கடைசிப் பக்கம் வரையிலாவது கோபத்தை அடக்கிக்கொள்வார் என்று நம்பினேன்.

எனவே, வாசகரே, நீங்கள் இக்கதையின் இரண்டாம் வாசகர். முதல் வாசகரின் கருத்துகள் ஆங்காங்கே அடைப்புக்குறிக்குள் இடம்பெறும். அவற்றை நீக்க அவர் அனுமதிக்கவில்லை.

2

முதல் தொடக்கம்: "கிழக்கு வெளுத்தது. பறவைகள்..."

இதைக் கைவிட்டேன். அன்று பறவைகள் இருந்தனவா என்பதே எனக்குத் தெரியாது. நான் சைக்கிளின் தூரமானியையே, அதாவது மீட்டரையே, பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் தொடக்கம்: "அவள் ஓடினாள்."

விறுவிறுப்பான தொடக்கம்தான். ஆயினும் இருபத்திரண்டு ஆண்டுகளாக "வாங்க, போங்க" என்று பேசிவரும் ஒருவரை "அவள்" என்று எழுதக் கை கூசியது.

மூன்றாம் தொடக்கம்: "நாற்பத்தாறு வயதுப் பெண்மணி ஒருவர், காலை ஐந்தேகால் மணிக்கு, பூட்டிய கடைகள் வரிசையாக நின்ற தெருவில் ஓடிக்கொண்டிருந்தார். அவருடைய உடல் சற்றே பருமனானது. எனினும் உள்ளமோ இலட்சியத்தை நோக்கி அம்பெனப் பாய்ந்தது. தம் வாழ்வின் பொருளை அவர் அக்கணத்தில்..."

(அண்ணி: "அந்த நேரத்துல நான் வாழ்வின் பொருளெல்லாம் நினைக்கல. மூக்கு ஒழுகுது, கைக்குட்டைய எடுத்துட்டு வரலயேன்னு நினைச்சேன். அத எழுது.")

எழுதிவிட்டேன்.

3

அண்ணி ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறார். துவைத்து வரும் படுக்கைவிரிப்பின் ஒரு மூலையை அவரும், மறு மூலையை இன்னொருவரும் பிடித்துச் சூடான உருளைக்குள் செலுத்த வேண்டும். ஒருவர் தாமதித்தால் விரிப்பு கோணலாக நுழையும். இயந்திரத்தையே நிறுத்த நேரும். அண்ணி தாமதிப்பதில்லை. அங்கே அவர் கைக்கு ஈடு இல்லை என்று மேற்பார்வையாளரே ஒப்புக்கொள்வார். சாலையில் மட்டும் கதை வேறு.

சென்ற ஆண்டு அவர் முதன்முதலாக அரை மாரத்தான் ஓடினார். தூரம் 21.1 கிலோமீட்டர், மூன்று மணி நேரத்திற்குள் முடிக்க வேண்டும். முடிக்க இயலாதவர்களை ஏற்றிக்கொள்வதற்காகக் கடைசி ஆளுக்குப் பின்னால் ஒரு வேன் ஊர்ந்து வரும். பதினேழாம் கிலோமீட்டரில் அந்த வேன் அண்ணியின் அருகில் நின்றது. கதவு திறந்தது. அவர் ஏறினார். இறங்கியபோது எங்களிடம் சொன்ன ஒரே வாக்கியம்: "ஏ.சி. நல்லா இருந்துச்சு."

மறுநாள் முதல் சலவைப் பிரிவில் அவருக்குப் பெயர் 'வேன்'. "வேன் வந்தாச்சா?" "வேனுக்கு டீ சொல்லியாச்சா?" அண்ணியும் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார். வீட்டில் ஒருநாள் பாத்திரம் துலக்கும்போதுதான், "இந்தத் தடவ அந்தக் கதவு என் பக்கத்துல திறக்கக் கூடாது" என்றார். என்னிடம் சொன்னாரா, குழாயிடம் சொன்னாரா என்பது தெளிவாக இல்லை. குழாய் பேசாமலிருந்ததால் நான் பதில் சொன்னேன்.

"நான் கூட வர்றேன் அண்ணி. சைக்கிள்ல. தூரம், நேரம் ரெண்டையும் என்கிட்ட விட்டுடுங்க."

உள்ளறையிலிருந்து அண்ணனின் குரல் வந்தது: "ஓடுறதுக்கு ஒருத்தி, ஓட்டுறதுக்கு ஒருத்தி. சமைக்கிறதுக்கு நான். நல்ல குடும்பம்."

4

இனி, தவறு.

என் சைக்கிள் உயரமானது. ஓடுபவரின் வேகத்தில் அதை மெதுவாக ஓட்டினால் சாயும். கால் தரைக்கு எட்டாது. ஆகவே அண்ணன் மகள் விடுதிக்குப் போனபோது விட்டுச்சென்ற சிறிய சைக்கிளை எடுத்துக்கொண்டேன். என் சைக்கிளில் இருந்த தூரம் காட்டும் மீட்டரைக் கழற்றி, அதில் நானே பூட்டினேன். எவர் உதவியையும் நாடவில்லை. பூட்டிய அன்று எனக்கிருந்த பெருமிதம் இவ்வரிகளில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுரண்டிப் பார்த்தேன், போகவில்லை.

(குறிப்பு: இம்மீட்டர் தூரத்தை அளப்பதில்லை. சக்கரம் எத்தனை முறை சுழன்றது என்று எண்ணி, ஒரு சுழற்சிக்கு இவ்வளவு என்று நாம் முன்பே பதிந்து வைத்த அளவால் பெருக்குகிறது. என் பெரிய சக்கரம் ஒரு சுழற்சியில் 210 சென்டிமீட்டர் உருளும். சிறிய சக்கரம் 190. இச்செய்தியை மீட்டருக்கு யாரும் தெரிவிக்கவில்லை.)

ஐந்து மாதங்கள் அண்ணி ஓடினார். நான் அருகில் சைக்கிளை ஓட்டினேன். இறுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மீட்டர் 21.1 காட்டிய இடத்தில், கடிகாரம் இரண்டு மணி நாற்பத்தெட்டு நிமிடம் காட்டியது. அண்ணி நடைபாதையில் உட்கார்ந்து, "பன்னெண்டு நிமிஷம் மிச்சம் இருக்குடி, பன்னெண்டு நிமிஷம்" என்று இரண்டு முறை சொன்னார். நான் அழுதேன். எனக்கும் சேர்த்து அவர் சிரித்தார்.

மறுவாரம், பழுதுபார்க்கப்பட்ட மைதானத்தை மீண்டும் திறந்தார்கள். அண்ணிக்குப் பயன்படுமா என்று பார்க்க நான் மட்டும் சைக்கிளில் போனேன். உள்வட்டம் ஒரு சுற்று நானூறு மீட்டர் என்று பலகையில் எழுதியிருந்தது. ஐந்து சுற்று சுற்றினேன். இரண்டு கிலோமீட்டர் காட்ட வேண்டிய மீட்டர் 2.21 காட்டியது.

முதலில் மைதானத்தைச் சந்தேகித்தேன். அரசாங்கம் கட்டியதாயிற்றே என்று மனம் தேற்றியது. பிறகு சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரர் மீட்டரை நான்கு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, "இது எந்தச் சக்கரத்துக்குப் போட்ட அளவும்மா?" என்றார்.

ஒவ்வொரு கிலோமீட்டரிலும் தொண்ணூற்றைந்து மீட்டர் குறைவு. மொத்தத்தில் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். அண்ணி ஓடியது 21.1 அல்ல; 19.1. அதே வேகத்தில் முழுத் தூரத்தையும் ஓடினால் மூன்று மணி ஐந்தரை நிமிடம் ஆகும். மிச்சம் என்று அவர் இரண்டு முறை சொன்ன பன்னிரண்டு நிமிடம் இல்லவே இல்லை. வேனின் கதவு திறக்கும்.

போட்டிக்கு அப்போது இருபத்து மூன்று நாள்கள் இருந்தன. நான் வீட்டுக்கு வந்து...

(இவ்வாக்கியம் நான்கு நாள்களாக என் வாயில் இப்படியே நின்றது.)

5

மேற்கண்ட நான்கு பகுதிகளையும் தாளில் எழுதி, அண்ணியின் மதிய உணவுப் பைக்குள் வைத்தேன். மாலையில் அவர் வீட்டுக்குள் வந்தார்; செருப்பைக் கழற்றினார்; தாள்களை மேசைமேல் வைத்தார்.

"பருமன்னு எழுதியிருக்க."

"சற்றேன்னு போட்டிருக்கேன் அண்ணி."

"ரெண்டு கிலோமீட்டரா?"

"ரெண்டு கிலோமீட்டர், நாலு மீட்டர்."

"அந்த நாலு மீட்டர மட்டும் கரெக்டா அளந்திருக்க." அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "நாலு நாளா என்கூட ஓடி வந்தியே. தண்ணி குடுத்தியே. 'சூப்பர் அண்ணி, சூப்பர் அண்ணி'ன்னு சொன்னியே."

"சொல்ல வாய் வரல."

"எழுத மட்டும் கை வந்துச்சா?"

அண்ணன் சமையலறை வாயிலில் கரண்டியுடன் நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிவிட்டார். அவர் வாழ்க்கையில் எடுத்த மிகச் சரியான முடிவுகளில் அது ஒன்று.

அடுத்த இரண்டு நாள்கள் அண்ணி தனியாக ஓடினார். கதவு திறந்து மூடும் ஓசையை நான் படுக்கையிலிருந்தபடியே கேட்டேன்.

6

இவ்விடத்தில் கதையை எப்படி நகர்த்துவது என்பதில் எனக்குக் குழப்பம் ஏற்பட்டது. மூன்று வழிகளை ஆராய்ந்தேன்.

(அ) அண்ணிக்கு முன்பே தெரியும். சாலையோரக் கிலோமீட்டர் கற்களைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். என் மனம் நோகக் கூடாதென்று சொல்லாமல், தனியே கூடுதலாக இரண்டு கிலோமீட்டர் ஓடி வந்தார். வாசகர் கண்கலங்குவார்.

(அண்ணி: "எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சிருந்தா அன்னைக்கே உன்ன சைக்கிளோட குப்புறத் தள்ளியிருப்பேன். என்னைத் தியாகி ஆக்காத.")

(ஆ) போட்டியில் அண்ணி தடுக்கி விழுகிறார். முகம் தெரியாத ஒருவர் கைகொடுத்துத் தூக்க, இருவரும் சேர்ந்து எல்லையைக் கடக்கிறார்கள். இது அழகானது. ஆனால் விழுந்து எழுபவருக்கு நேரம் போகும். ஏற்கெனவே ஐந்தரை நிமிடம் பின்தங்கியவரை விழவைப்பது கொடுமை.

(இ) போட்டி அமைப்பாளர்கள் அவ்வாண்டு நேரத்தைப் பதினைந்து நிமிடம் நீட்டிக்கிறார்கள். இதை எழுதி முடிப்பதற்குள் எனக்கே வெட்கமாகப் போயிற்று.

ஆகவே நடந்ததையே எழுதுகிறேன். மூன்றாம் நாள் காலையில் அண்ணி என் அறைக் கதவைத் தட்டினார்.

"மீட்டர்ல அளவு மாத்திட்டியா?"

"மாத்திட்டேன் அண்ணி."

"யாரு மாத்துனது?"

"நான்தான்."

"அப்ப கடைக்காரர்கிட்ட ஒரு தடவ காட்டிட்டு வா. நான் நாளைக்கு ஓடிக்கிறேன்."

7

ஐந்தரை நிமிடத்தை எங்கே தேடுவது? பதினாறு நாளில் கால்கள் புதிதாக எதையும் கற்றுக்கொள்வதில்லை என்று ஓட்டக்காரர்கள் சொல்வார்கள். நாங்கள் இரண்டு நாள் தேடியும் கால்களில் அது கிடைக்கவில்லை.

என் பழைய குறிப்பேட்டில் கிடைத்தது. நெடுந்தூரப் பயிற்சியில் அண்ணி நான்கு இடங்களில் நின்று தண்ணீர் குடிப்பது வழக்கம். பாட்டிலை நான் நீட்டுவேன், அவர் குடிப்பார், பாட்டிலை மூடும்வரை நான் ஏதாவது சொல்வேன். மேல்வீட்டுக்காரரின் மருமகள், அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர், அண்ணனின் குறட்டை. ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு நிமிடத்திற்கு மேல். நான்கையும் கூட்டினால் ஐந்து நிமிடம்.

"அப்போ மீட்டர் மட்டும் இல்ல. உன் வாயும்தான்" என்றார் அண்ணி. ஆனால் இம்முறை சொல்லும்போது அவர் உதட்டோரம் சிரிப்பிருந்தது.

அன்றுமுதல் நிற்பதில்லை. பாட்டிலுக்குப் பதில் காகிதக் குவளை. அதன் வாயை மடித்துப் பிடித்துக்கொண்டு, வேகநடையிலேயே இரண்டு மிடறு. முதல் நாள் தண்ணீர் முழுவதும் மூக்கில் ஏறியது. இரண்டாம் நாள் பாதி. நான் வாய் திறக்கவில்லை. பேசாமல் சைக்கிள் ஓட்டுவது எவ்வளவு கடினமான பயிற்சி என்பதை அனுபவித்தவர்களே அறிவர்.

இடையில் ஒருநாள் அவரிடம், "அந்த அஞ்சு மாசத்த நினைச்சா எனக்குப் பாவமா இருக்கு அண்ணி" என்றேன்.

"எதுக்குப் பாவம்? ஓடுனது ஓடுனதுதான். நான் என்ன பொய்யாவா ஓடுனேன்? எண்ணுனதுதான் தப்பு" என்றார். பிறகு, "மூச்சு வாங்குது, பேச வைக்காத" என்றார்.

கடைசி நெடும்பயிற்சி: பதினாறு கிலோமீட்டர், சரியான பதினாறு. இரண்டு மணி பதினேழு நிமிடம். இதே வேகத்தில் முழுத் தூரத்துக்கும் மூன்று மணி நேரமும் நாற்பது விநாடியும் ஆகும். கிலோமீட்டருக்கு இரண்டு விநாடி குறைந்தால் போதும்.

அண்ணன் கணக்கை வாங்கிப் பார்த்தார். "ரெண்டு விநாடியா? நான் தும்முறதுக்கே மூணு ஆகும்" என்றார். மறுநாள் எழுந்து யாரும் கேட்காமலே அண்ணியின் காலணியைத் துடைத்து வைத்தார்.

8

இப்பகுதியைத் தரையில் உட்கார்ந்து, முழங்கால்மேல் தாளை வைத்து எழுதுகிறேன். கையெழுத்து ஒழுங்காக இராது.

இன்று போட்டி. ஐந்தரை மணிக்குத் தொடங்கிவிட்டது. தொடங்கும் முன், கூட்டத்துக்கு நடுவே அண்ணி என் கையிலிருந்த தாள்களைப் பார்த்தார்.

"முடிவ முன்னாடியே எழுதிட்டியா?"

"இல்ல அண்ணி."

"எழுதாத. நான் ஓடி முடிச்சப்புறம் எழுதறதுன்னா எழுது. இல்லன்னா படிக்கிறவங்ககிட்ட விட்டுடு. உன் கையில மட்டும் குடுக்க மாட்டேன்."

அவர் சொன்னது நியாயமே. நான் இப்போது முதல் கிலோமீட்டர்ப் பலகையின் கீழ் இருக்கிறேன். பாதையை முறைப்படி அளந்து நட்ட பலகை, நான் நட்டதன்று. தேவையான நேரம் எட்டு நிமிடம் முப்பத்திரண்டு விநாடி. அண்ணி இதைக் கடந்தபோது எட்டு நிமிடம் இருபத்தைந்து. ஏழு விநாடி முன்னதாக. அது வலிமையா, பதற்றமா என்பது இனிமேல்தான் தெரியும். அவர் என்னைப் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்தார், தம் மணிக்கட்டைப் பார்த்தார், தோள்களைச் சற்றே தளர்த்திக்கொண்டு திருப்பத்தில் மறைந்தார்.

சில நிமிடங்கள் கழித்து வேன் வந்தது. அதற்கும் அண்ணிக்கும் இடையே நாற்பத்தொரு பேர். தாளின் ஓரத்தில் ஆளுக்கொரு கோடு போட்டு, கோடுகளை இருமுறை எண்ணினேன்.

மீதி இருபது கிலோமீட்டரையும் நூறு மீட்டரையும் வாசகரிடம் ஒப்படைக்கிறேன். அண்ணி திருப்பத்தைத் தாண்டித்தான் போயிருப்பார். சற்று விரைந்தால் பிடித்துவிடலாம். பேச்சுக் கொடுக்காதீர்கள். குவளையை நீட்டுவதானால் நடந்துகொண்டே நீட்டுங்கள். தயவுசெய்து ஓடியே செல்லுங்கள். பாதையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை.